ஒடியலும் புழுக்கொடியலும்: மாப்பொருளுக்குச் சூடு செய்யும் வேலை

ஒரே பாத்தியிலிருந்து கிண்டிய பனங்கிழங்கை இரண்டு பங்காக்குவோம். ஒரு பங்கைத் தோலுரித்து, நெடுக்காகக் கிழித்து, பச்சையாகவே வெயிலில் காயவிட்டால் அது ஒடியல். மற்றப் பங்கை முதலில் அவித்து, பின்னர் உரித்துக் கிழித்துக் காயவிட்டால் அது புழுக்கொடியல். விதை ஒன்று, மண் ஒன்று, காய்ந்த வெயிலும் ஒன்று. இடையில் அடுப்பு வந்து போனது மட்டுமே வேறுபாடு. ஆனால் கடைசியில் கைக்கு வருவன இரண்டு வெவ்வேறு பொருள்கள். ஒடியல் வெளுத்து, சுண்ணாம்புபோல் மங்கலாய், இடித்தால் இலகுவில் மாவாக உதிரும். புழுக்கொடியல் மஞ்சளித்து, மாட்டுக்கொம்புபோல் இறுகி, கடிப்பவரின் பல்லைச் சோதிக்கும். ஒடியல் மா கூழுக்கும் பிட்டுக்கும் போகும். புழுக்கொடியல் மாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து அப்படியே உண்ணலாம். ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது என்பது எமது பெண்களுக்கு நன்றாகத் தெரியும். ஏன் முடியாது என்பதே இப்பாடம்.

இது பனங்கிழங்கோடு நின்றுவிடும் விடயமல்ல. அரிசி, மரவள்ளி, கோதுமை மா, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் எம்மைப் பசியாற்றுவது பெரும்பாலும் ஒரே பொருள்தான்: மாப்பொருள். 2006 ஆம் ஆண்டில் மூதூர் கிழக்கிலிருந்தும் இலங்கைத்துறை, ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கங்களிலிருந்தும் புறப்பட்டு, வாகரை, மட்டக்களப்பு, கிளிவெட்டி என்று அலைந்த குடும்பங்களுக்கு முகாமில் பங்கீடாகக் கிடைத்தவற்றிலும் அரிசியும் கோதுமை மாவுமே முதலிடம் பெற்றன. ஊர் திரும்பியபின் வயல் சரிவர ஒரு போகமாவது ஆகும்வரை வளவில் ஊன்றிய மரவள்ளித் தடியும், எரியாமல் தப்பி நின்ற பனையும் கைகொடுத்தன. பிறர் காணியில் குடியிருந்தவர்களுக்கும் இவையே கைக்கெட்டியவையாக இருந்தன. ஆகவே கிழங்கு கிடைத்ததும் அதை எந்த முறையில் சூடாக்குவது என்பது சிறு கேள்வியல்ல. அவித்த கிழங்கை மீண்டும் பச்சைக் கிழங்காக்க எவராலும் இயலாது. அடுப்பை மூட்டுமுன்னரே முடிவெடுக்க வேண்டும்.

மணிக்குள் நடப்பது

தாவரம் தனது உணவை மிகச் சிறிய மணிகளாகக் கட்டி வைக்கிறது. உருளைக்கிழங்கின் மாப்பொருள் மணிகள் பெரியவை. அவற்றுள் மிகப் பெரியது ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு வரை இருக்கும். அரிசியின் மணியோ ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கிலும் சிறியது. ஒவ்வொரு மணிக்குள்ளும் குளுக்கோசுத் துணிக்கைகள் சங்கிலிகளாகக் கோக்கப்பட்டு, அடுக்கடுக்காக நெருக்கி வைக்கப்பட்டுள்ளன. நேராக நீண்ட சங்கிலி அமைலோசு, மரக்கொப்புப்போல் கிளைவிட்டது அமைலோபெத்தின். நன்றாக வரிந்து கட்டிய வைக்கோல் கட்டை நினைத்துக்கொண்டால் போதும். கட்டு இறுக்கமாக இருக்கும்வரை குளிர்ந்த தண்ணீர் உள்ளே அதிகம் புகாது. அதனால்தான் பச்சை மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்தால் சிறிது நேரத்தில் அது அடியில் படிந்துவிடுகிறது.

தண்ணீரும் சூடும் ஒன்றாக வரும்போது நிலைமை மாறுகிறது. ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல் கட்டின் முடிச்சுகள் தளர்கின்றன. கிழங்குகளில் இது சற்று முந்தியும் அரிசியின் பல இனங்களில் 70 பாகையை அண்டியும் நிகழும். தண்ணீர் உள்ளே புகுந்து மணி ஊதிப் பருக்கிறது. அமைலோசின் ஒரு பகுதி வெளியே வழிகிறது. கஞ்சி தடிப்பதும், கூழ் இறுகுவதும், துணிக்குப் போடும் கஞ்சிப்பசை கண்ணாடிபோல் தெளிவதும் இதனால்தான். இதை மாப்பொருள் பசையாதல் என்போம். பசையான மாப்பொருளைச் சமிபாட்டு நொதியங்கள் இலகுவாக வெட்டும். பச்சை மணியைச் சமிக்கச் செய்வது கடினம், அதிலும் பச்சை உருளைக்கிழங்கின் மணி மிகக் கடினம். பச்சைக் கிழங்கைத் தின்ற பிள்ளைக்கு வயிறு பொருமுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பும் குழுக்கள் ஒரு சிறு சோதனை செய்யலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, ஒன்றில் ஒரு மேசைக்கரண்டி ஒடியல் மாவும் மற்றதில் அதே அளவு புழுக்கொடியல் மாவும் இட்டுக் கலக்கிக் கால்மணி நேரம் விடுங்கள். ஒடியல் மா அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளியும். புழுக்கொடியல் மா தண்ணீரைக் குடித்து ஊதி நிற்கும். அதன் கட்டு முதல் அவியலிலேயே அவிழ்ந்து, அந்த நிலையிலேயே காய்ந்துவிட்டது. எனவேதான் அதற்கு மீண்டும் அடுப்புத் தேவையில்லை. பெயரிலேயே செய்முறை இருக்கிறது: புழுக்குதல் என்றால் அவித்தல். புழுங்கல் அரிசியும் அதே சொற்குடும்பந்தான்.

ஒடியல் மாவைப் பற்றி ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதன் கசப்பு வெறும் சுவைக்குறை அல்ல. 1970களின் தொடக்கத்தில் இலங்கை ஆய்வாளர்கள் ஒடியல் மாவை எலிகளுக்கு உணவாகக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் ஈரல் பாதிக்கப்பட்டது. கூழ் காய்ச்சுமுன் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து ஊற்றும் வழக்கத்தை எமது பாட்டிமார் காரணமில்லாமல் வைத்திருக்கவில்லை. அவசரத்தில் இந்த வேலையைக் குறைக்கவேண்டாம். நீரை மாற்றி மாற்றி ஊறவிட்டு, பின்னர் மீனும் நண்டும் பலாக்கொட்டையும் சேர்த்து நன்றாகக் கொதிக்க வைத்தே இறக்க வேண்டும். நாள்தோறும் ஒடியல் மாவையே முக்கிய உணவாக்குவதையும் நாம் விரும்பவில்லை.

தண்ணீர் குறைவாக இருந்தால்

சூடு ஒன்றாக இருந்தும் தண்ணீரின் அளவு மாறினால் விளைவும் மாறும். இதற்குச் சிறந்த உதாரணம் எமது குசினியிலேயே உண்டு. திருகோணமலைச் சீனக்குடாவில் பிரிமா மா ஆலை 1980 இல் இயங்கத் தொடங்கியபின் கோதுமை மா நாடெங்கும் தாராளமாகப் பரவியது. ஆனால் வந்த மாவை வந்தபடியே தண்ணீர் விட்டுக் குழைத்தால் ரொட்டிக்கு உதவுமே தவிர, பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் உதவாது. இழுபட்டுக் களியாகிவிடும். அதனால் எமது பெண்கள் மாவைத் துணியில் கட்டி, நீராவியில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் அவித்து, சூடு ஆறுமுன் உதிர்த்து அரித்து வைக்கிறார்கள். முகாம்களில் வேறு பாத்திரமின்றித் தகரப்பேணியைக் கவிழ்த்து வைத்தும் மா அவித்தார்கள்.

அங்கே என்ன நடக்கிறது? கோதுமையில் இழுபடும் தன்மையைக் கொடுக்கும் குளூற்றன் என்ற புரதம் ஆவிச் சூட்டில் இறுகித் தன் இழுவையை இழக்கிறது. மாப்பொருள் மணிகளோ பெரும்பாலும் வெடிப்பதில்லை. ஏனென்றால் ஊதிப் பருப்பதற்கு வேண்டிய தண்ணீர் மாவில் இல்லை. சூட்டில் உட்கட்டு மட்டும் சிறிது மாறி அமைகிறது. ஆகவே அவித்த மா கொதிநீர் பட்டாலும் உதிரி உதிரியாக நிற்கும்.

இதே செய்முறையை ஆய்வுகூடங்கள் உருளைக்கிழங்கு மாப்பொருளில் செய்து பார்த்தன. 1940களிலிருந்தே இதைப் பற்றி எழுதப்பட்டு வருகிறது. மூன்றிலொரு பங்குக்குக் குறைவான ஈரத்துடன், மூடிய பாத்திரத்தில், 100 பாகையை அண்டிய சூட்டில் பல மணி நேரம் வைத்தார்கள். சாதாரண உருளைக்கிழங்கு மாப்பொருள் கொதிநீரில் அளவுகடந்து ஊதி, முதலில் மிகத் தடித்த பசையாகி, தொடர்ந்து கிண்டக் கிண்டச் சட்டென்று நீர்த்துவிடும். ஈரச்சூடு பட்டதோ குறைவாக ஊதியது, பசையாவதற்கு அதிக சூடு கேட்டது, கிண்டினாலும் நிலைகுலையாது நின்றது. அதன் உட்படிக அடுக்கே கிழங்கின் வகையிலிருந்து தானியத்தின் வகையை நோக்கி மாறியிருந்தது. தொழிற்சாலைகள் இன்று பெரும் பொறிகளில் செய்கிற இந்த வேலையின் அடிப்படை, துணியும் நீராவியும் கொண்டு எமது தாய்மார் செய்த வேலையின் அடிப்படைதான். அவர்களுடைய அறிவை 'வீட்டுப் பழக்கம்' என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நியாயமல்ல.

தண்ணீரே இல்லாமல் வறுத்தால் மூன்றாவது வகை விளைவு. அரிசிமாவை மிதமான தீயில் வறுக்கும்போது ஈரம் போய், மணம் ஏறி, மா நெடுநாள் வண்டு பிடியாமல் இருக்கும். தீ அதிகமானால் சங்கிலிகளே அறுந்து துண்டாகத் தொடங்கும். அப்போது நிறம் பழுப்பாகும், பசைக்கும் வல்லமை குறையும். இடியப்ப மாவைக் கருக வறுத்துவிட்டு உரலைக் குறை சொல்வதில் பயனில்லை.

யுத்தமும் சவ்வரிசியும்

1942 இல் யப்பானியர் பர்மாவையும் யாவாவையும் பிடித்தனர். அதே ஆண்டு ஏப்ரல் 9 ஆந் திகதி திருகோணமலைத் துறைமுகத்தின்மீதும் குண்டு விழுந்தது. பர்மா அரிசி நின்றுபோனதால் இலங்கை முழுவதும் பங்கீட்டரிசிக்கும் மரவள்ளிக்கும் திரும்பியது. யாவாவின் மரவள்ளி மாப்பொருள் கிடைக்காத அமெரிக்கர் அதற்கு ஈடாக ஒருவகைச் சோளத்தைத் தேடிப் போனார்கள். அக்கரையில், தமிழ்நாட்டின் சேலத்தில், மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த சவ்வரிசி நின்றதும் 1943 அளவில் மரவள்ளியிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். சிறு குடிசைகளில் தொடங்கிய அத்தொழில் இன்று சேலம் மாவட்டத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1981 இல் அங்கு உற்பத்தியாளருக்கென்று கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது.

சவ்வரிசி செய்முறை முழுவதுமே சூட்டை அளந்து கொடுக்கும் வித்தைதான். கிழங்கை அரைத்து, கழுவி, படியவிட்டு எடுத்த ஈர மாவை உருட்டிச் சிறு மணிகளாக்குவார்கள். பின்னர் எண்ணெய் தடவிய சூடான தட்டில் கிண்டி வறுப்பார்கள். மணியின் மேற்பகுதி தன்னிலுள்ள ஈரத்தால் பசையாகி ஓர் உறைபோல் பிடித்துக்கொள்ளும், நடுவோ பெரும்பாலும் மாவாகவே இருக்கும். அதன்பின் வெயில். வறுக்காவிட்டால் தண்ணீரில் போட்டதும் மணி கரைந்துவிடும். ஈரம் முற்றிலும் போனபின் வறுத்தால் உறை பிடிக்காது. பாயசத்தில் முழுமணியாகத் தெளிந்து நிற்கும் சவ்வரிசிக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

எமது பகுதியில் உடனே சவ்வரிசி ஆலை கட்டலாம் என்று ஆசைகாட்ட நாம் வரவில்லை. சேலத்துக்குக் கிடைத்த பெருந்தொகைக் கிழங்கும் சந்தையும் எமக்கில்லை. ஆனால் வீட்டளவில் மரவள்ளி மாப்பொருள் எடுத்து வைப்பது முடியாத காரியமல்ல. கிண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் நீலம் பாய்ந்து கெட்டுவிடும். வியாபாரி அடிமாட்டு விலை கேட்பதும் அதனால்தானே. காய்ந்த மாப்பொருளோ மாதக்கணக்கில் இருக்கும்.

மரவள்ளியில் வரிசை பிழைக்கக்கூடாது

மரவள்ளியில் மாப்பொருளைவிட முன்னதாகக் கவனிக்க வேண்டியது நஞ்சு. கிழங்கில் இலினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் துருவும்போதும் அதன் சொந்த நொதியமே அப்பொருளை உடைத்து, ஐதரசன் சயனைட்டு என்ற நச்சு ஆவியை வெளிவிடச் செய்கிறது. இந்த ஆவி 26 பாகையிலேயே பறந்துபோகக்கூடியது. நீரிலும் கரையும். ஆகவே உடைய விட்டு, பறக்க விட்டு, நீரை வடித்துவிட்டால் ஆபத்துக் குறையும். ஆனால் முழுக்கிழங்கைக் கொதிக்கும் தண்ணீரில் திடீரென்று போட்டால் நொதியம் உடனே செத்துவிடும், இலினமாரினோ சூட்டைத் தாங்கி உள்ளேயே தங்கும். அதனால் தோலைத் தடிப்பாக உரித்து, சிறு துண்டுகளாக்கி, தாராளமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மூடாமல் மெதுவாகச் சூடேற்றி அவிக்க வேண்டும். அவித்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டும், குழம்புக்கு எடுக்கக்கூடாது. இஞ்சியோடு சேர்த்து உண்ணக்கூடாது என்ற ஊர் வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் இஞ்சியைத் தவிர்த்துவிட்டோம் என்ற தைரியத்தில் மூடி போட்டு அவித்தால் அது காவலாகாது. கசக்கும் கிழங்கையும் நாட்பட்டு நிறம் மாறியதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

மாப்பொருள் எடுப்பதற்குக் கிழங்கைத் துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியில் வடித்து, வந்த பால்நீரைப் படியவிட வேண்டும். மேல்நீரை இறுத்துவிட்டு மீண்டும் நல்ல தண்ணீர் கலந்து படியவிட்டால் மா வெளுக்கும், நஞ்சும் கழுவுப்படும். அந்த மேல்நீரைக் கிணற்றடியில் ஊற்றவும் ஆடு குடிக்க விடவும் கூடாது. நூறு கிலோ கிழங்கில் 60 கிலோவுக்கு மேல் தண்ணீர்தான், மாப்பொருள் 25 முதல் 30 கிலோ. கைவேலையில் அதிலும் ஒரு பகுதி சக்கையோடு போகும். அதிகம் எதிர்பார்த்து ஏமாறவேண்டாம்.

காயவைக்கும் கட்டத்தில்தான் பலருடைய மா பழுதாகிறது. ஈர மாவை நண்பகலில் கூரைத்தகரத்தின் மேலோ அடுப்பங்கரையிலோ பரப்பினால், ஈரமும் சூடும் சேர்ந்து மணிகள் பசையாகி, கல்லுக் கல்லாகத் திரளும். எவ்வளவு இடித்தாலும் அது பழைய மா ஆகாது. முதலில் ஓலைப்பாயில் துணி விரித்து, மெல்லியதாகப் பரப்பி, காலை வெயிலிலும் காற்றிலும் ஈரத்தை வாங்க வேண்டும். ஈரம் நன்றாக இறங்கியபின் கடும் வெயில் பட்டாலும் பயமில்லை. வெப்பமானி வேண்டாம்: பரப்பிய இடத்தில் உள்ளங்கையைப் பொறுமையாக வைத்திருக்க முடியாவிட்டால் ஈர மாவுக்கு அந்த இடம் கூடாது.

ஆறியபின் நடப்பது

அவிழ்ந்த சங்கிலிகள் ஆறும்போது மீண்டும் ஒன்றோடொன்று சேரப் பார்க்கின்றன. காலையில் பஞ்சுபோல் இருந்த பிட்டு மாலையில் விறைப்பதும், வைத்த கஞ்சி கட்டியாகி ஓரத்தில் நீர் கசிவதும் அதனால்தான். மீளச் சூடாக்கினால் பெருமளவு இளகும், முழுவதும் இளகாது. இப்படி மீண்டும் சேர்ந்த பகுதி குடலில் மெதுவாகவே சமிக்கும். நீரிழிவு உள்ளவருக்கு ஆறிய சோறு சற்று நல்லது என்று சொல்வதற்குக் காரணம் அதுவே. ஆனால் எமது வெக்கையில் சோற்றை ஆறவைக்கிறோம் என்று மணிக்கணக்கில் திறந்து வைத்தால் கிருமி முந்திவிடும். பழஞ்சோற்றுக்கு நீரூற்றி மூடி வைப்பதே முறை.

புழுங்கல் அரிசியிலும் இதேபோல் உமிக்குள்ளேயே மாப்பொருள் பசையாகி, ஆறி, காய்ந்து இறுகுகிறது. அரிசியிலுள்ள வெடிப்புகள் ஒட்டிக்கொள்வதால் குற்றும்போது குருணை குறையும். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டிலுள்ள விற்றமின் பி1 இன் ஒரு பங்கு உள்ளே இறங்கிவிடுவது மற்ற நன்மை. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் பரவியபோது, தீட்டிய சீயத்துப் பச்சையரிசி உண்டவர்களிடையே அது மிகுந்து, புழுங்கல் உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அரிதாக இருந்ததை மருத்துவர் பிரடன் 1907 இல் எழுதினார். 1905 இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெச்சர் என்ற மருத்துவர் இரண்டு அரிசியையும் இரு பகுதியினருக்குக் கொடுத்துப் பார்த்ததும் அதையே காட்டியது.

இனிப் பிள்ளைகளின் கஞ்சி. ஆறு மாதம் கடந்து தாய்ப்பாலோடு வேறு உணவும் வேண்டிய பருவத்தில் பெரும்பாலான வீடுகளில் கொடுப்பது அரிசிக் கஞ்சி அல்லது மரவள்ளி மாக் கஞ்சி. இங்கே மாப்பொருளின் ஊதும் குணமே பகையாகிறது. இரண்டு கரண்டி மா ஒரு கிண்ணம் தண்ணீரைத் தடிக்கச் செய்துவிடும். பார்ப்பதற்குக் கெட்டியான உணவு, உண்மையில் பெரும்பகுதி தண்ணீர். பிள்ளையின் சின்ன வயிறு நிரம்பும், உடம்பில் ஏறாது. மாவைக் கூட்டினால் விழுங்க முடியாத களியாகும். மரவள்ளி மாப்பொருளில் புரதமும் இல்லையென்றே சொல்லலாம். அதை மட்டும் கொடுத்து வளர்க்கும் பிள்ளை தேறாது.

இதற்கு வழி உண்டு. குரக்கனை ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைக்கவிட்டு, நிழலில் காயவைத்து அரைத்துக்கொள்ளலாம். முளைவிடும்போது தானியத்தில் மாப்பொருளை வெட்டும் நொதியம் பெருகும். வழக்கத்தைவிட அதிக மா போட்டு, பயறு அல்லது பருப்பு மாவும் சேர்த்துக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்குங்கள். கொதிக்கக் கொதிக்க முளைமாவை இட்டால் நொதியம் வெந்து செத்துவிடும். விரல் பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கையில் ஒரு தேக்கரண்டி முளைமா இட்டுக் கலக்கினால் சில நிமிடங்களில் கஞ்சி தானாக இளகிவிடும். மாவின் அளவு குறையவில்லை, தடிப்பு மட்டுமே குறைந்தது. பின்னர் மீண்டும் அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டு இறக்கி, ஆறவைத்து, தேங்காய்ப்பாலோ சிறிது எண்ணெயோ சேர்த்து அந்த வேளைக்கே ஊட்டிவிட வேண்டும். மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைக்கவேண்டாம்.